சுற்றிய மலையில் ஏறுவது: தூர் து மோன் பிளாங் முடித்த பிறகு மோன் பிளாங்

பத்து நாள் ஒரு மலையைச் சுற்றி நடந்தவருக்கு அதன் தலையிலும் ஏறிவிடலாம் என்று தோன்றாமல் இருக்காது. தூர் து மோன் பிளாங் ஏறக்குறைய 170 கி.மீ. நடைபாதை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றி வரும். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 10,000 மீட்டர் வரும். இதை முடித்த கையோடு கைடு ஒருவரை அமர்த்தி உச்சிக்கும் போய்வந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். திட்டத்தில் தப்பில்லை. நாள் கணக்கில்தான் தப்பு நடக்கிறது.

அந்த நடைபாதையின் மிக உயர்ந்த இடம் 2665 மீட்டர். ஃபூர் கணவாய், ஆர்பெத் கணவாய் இரண்டுமே இந்த உயரம்தான். அவையும் கிளைப்பாதைகள். முதன்மைப் பாதையிலேயே போகிறவர் பெரிய ஃபெர்ரே கணவாயின் 2537 மீட்டருக்கு மேல் கால் வைப்பதில்லை. இரவுத் தூக்கம் பெரும்பாலும் 1000 முதல் 2000 மீட்டருக்குள் இருக்கும் ஊர்களிலும் மலைக்குடில்களிலும். உச்சியோ 4808 மீட்டர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. தலையில் இருக்கும் பனித்தொப்பி கூடிக் குறைவதால் அளவும் மாறும். 2023இல் அளந்தபோது 4805.59 மீட்டர். 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. உச்சியில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். ஆக, பத்து நாள் நடை காலையும் நெஞ்சையும் திடப்படுத்தும். குறைந்த ஆக்சிஜனில் தூங்கி எழ உடம்புக்குப் பழக்கம் வேண்டுமே, அதை இந்த நடை கிட்டத்தட்டக் கொடுப்பதே இல்லை. நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. மூச்சு வாங்காததால் வேகமாக ஏறிவிடுவார்கள். தலைவலி ஆறேழு மணி நேரம் கழித்து, குடிலில் படுத்த பிறகுதான் வரும்.

இந்த நடை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. பத்து நாளில் சாப்பிட்டதைவிடச் செலவழித்தது அதிகம். ஒன்றிரண்டு கிலோ இறங்கியிருக்கும். தினமும் ஆயிரம் மீட்டர் இறங்கியதில் முன்தொடைத் தசை நைந்திருக்கும். சமதளத்தில் நடக்கும்போது இது தெரியாது, படிக்கட்டில் இறங்கினால் தெரியும். பாதம் வீங்கி, காலணி எண்ணில் அரை அளவு கூடியிருக்கும். குதிகாலில் ஒரு கொப்புளம் ஆறிக்கொண்டிருக்கும். இத்தனையோடும் மறுநாளே கடினமான மலைப் பூட்ஸுக்குள் காலைத் திணித்தால் ஆறிய கொப்புளம் மூன்று மணி நேரத்தில் மறுபடி உடையும். நடை முடிந்த பின் இரண்டு முழு நாள் சும்மா இருப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம்; அதுவும் திட்டத்தில் ஒரு பகுதி. சோறோ பாஸ்தாவோ வயிறு நிறையச் சாப்பிட்டு, காலை உயர்த்தி வைத்து, தூங்க வேண்டும்.

அடுத்து, எங்கே தொடங்குவது. பெரும்பாலோர் பிரான்ஸ் பக்கம் லெ ஊஷில் தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள். உச்சியும் திட்டத்தில் இருந்தால் இத்தாலிய ஊரான குர்மாயோரில் தொடங்கி, இடஞ்சுழியாகச் சுற்றி, குர்மாயோரிலேயே முடிப்பது நல்லது. மூன்று காரணங்கள். ஒன்று, கடைசி இரவுகளை உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்: க்ரோய் து பொனோம் குடில் 2443 மீட்டர், மறுநாள் ஃபூர் கணவாய் வழியே இறங்கி, செய்ன் கணவாயைத் தாண்டினால் எலிசபெத்தா குடில் 2195 மீட்டர். இரண்டு, குர்மாயோரின் பக்கத்திலிருந்தே ஸ்கைவே கேபிள் கார் கிளம்புகிறது. அது 3466 மீட்டரில் இருக்கும் ஹெல்ப்ரோனர் முனை வரை போகும், அதன் அடியிலேயே 3375 மீட்டரில் தொரினோ குடில். மூன்று, பயிற்சி உச்சியாக எல்லோரும் எடுக்கும் கிரான் பாரடிசோ இத்தாலியில் அதே பள்ளத்தாக்குப் பக்கம். பிரான்ஸ் பக்க ஊரான ஷமோனியிலிருந்து போவதானால் 11.6 கி.மீ. மோன் பிளாங் சுரங்கப்பாதையைத் தாண்ட வேண்டும். அந்தச் சுரங்கம் பராமரிப்பு வேலைக்காக 2024, 2025 இரண்டு ஆண்டுமே செப்டம்பரில் மூடி டிசம்பரில்தான் திறந்தது. செப்டம்பர் பயணம் என்றால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

குர்மாயோரில் தொடங்குவதில் இன்னொரு வசதி, முதல் நாளே ஒரு தேர்வு அமைகிறது. ஊர் 1224 மீட்டர். பெர்தோனே குடில் ஏறக்குறைய 1990 மீட்டர். 765 மீட்டர் ஏற்றத்துக்குப் பலகையில் இரண்டு மணி நேரம் போட்டிருக்கும். முதுகில் எட்டு கிலோவோடு அந்த நேரத்துக்குள், பேசிக்கொண்டே, நிற்காமல் ஏற முடிந்தால் உச்சிக்குத் தேவையான வேகம் இருக்கிறது. எட்டாம் நாள் வாக்கில் நோத்ர் தாம் த லா கோர்ஜிலிருந்து பொனோம் வரை 1270 மீட்டர் தொடர் ஏற்றம் வரும். அங்கே மறுபடி மணியைப் பார்க்க வேண்டும். ஏறும் உயரம் மணிக்கு 300 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் உடம்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. ஓய்வு நாளை இரண்டிலிருந்து மூன்றாக்க வேண்டும். கைடு கேட்பதும் இந்த எண்ணைத்தான். எத்தனை கி.மீ. நடந்தீர்கள் என்பதில் அவருக்கு அக்கறை இருக்காது.

இனி உயரத்துக்குப் பழகும் நாட்கள். மருத்துவர்கள் சொல்லும் பொது விதி, 3000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது. ஆல்ப்ஸ் மலையில் இதை அப்படியே கடைப்பிடிக்க இடவசதியே கிடையாது. ஊர் 1000 மீட்டரில், குடில் 3800 மீட்டரில். அதனால் ஏறித் தூங்கி, இறங்கி ஓய்வெடுத்து, மறுபடி ஏறுவதுதான் வழி. ஓய்வு நாட்கள் முடிந்ததும் தொரினோவில் ஓர் இரவு. தலைவலி வரலாம், தூக்கம் கெடலாம். கீழே இறங்கக் கேபிள் கார் பக்கத்திலேயே இருப்பதால் அந்தச் சோதனையை அங்கே செய்வது நல்லது. குடிலைத் தாண்டிப் பனியாற்றில் மட்டும் கைடு இல்லாமல் இறங்கக் கூடாது. காலடித்தடம் சாலை மாதிரித் தெரியும். அதன் அடியில் பிளவு இருப்பது தெரியாது.

அதன் பின் கிரான் பாரடிசோ. 4061 மீட்டர், முழுக்க இத்தாலிக்குள் இருக்கும் ஒரே நாலாயிரம் மீட்டர் மலை. வல்சவரெஞ்ச் பள்ளத்தாக்கின் கடைசியில் பொன் என்ற இடம், 1960 மீட்டர். அங்கிருந்து இரண்டிரண்டரை மணி நேரத்தில் விட்டோரியோ இம்மானுவேலே குடில், 2735 மீட்டர். மறுநாள் விடியுமுன் கிளம்பி 1330 மீட்டர் ஏற்றம், பிறகு பொன் வரை 2100 மீட்டர் இறக்கம். தொழில்நுட்பமாகக் கடினமில்லை. ஆனால் கயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பது, கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள் தகடு) மாட்டிய காலை அகட்டி வைப்பது, இருட்டில் கையுறையோடு வார் இறுக்குவது எல்லாம் இங்கேதான் கைவர வேண்டும். உச்சியில் மடோன்னா (மேரி மாதா) சிலைப் பக்கம் போகும் கடைசிச் சில மீட்டர் ஒடுக்கமான பாறை. கூட்டமான நாளில் வரிசையில் நிற்க வேண்டிவரும். ஏறும்போது வியர்த்த உடம்பு அங்கே நிற்கும்போதுதான் நடுங்கும். தடித்த ஜாக்கெட்டைப் பையின் அடியில் வைக்காமல் மேலே வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாரடிசோவில் நாலாயிரம் மீட்டரில் தலை சுற்றி வாந்தி எடுத்தவர் மோன் பிளாங்கை அந்த முறை விட்டுவிடுவது நல்லது. இரண்டு நாள் கழித்துச் சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். பணம் கட்டியாயிற்று என்பதற்காகப் போகிற இடம் அது இல்லை. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தடுப்புக்கு வழக்கமாகத் தரும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிக்கடி சிறுநீர் கழியும், விரல் நுனி மரமரக்கும். அந்த மரமரப்பைக் குளிரில் விரல் உறைகிறது என்று நினைத்துப் பயப்படாமலிருக்க, முதல் மாத்திரையை ஊரிலேயே போட்டுப் பார்ப்பது உத்தமம். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு இரைத்தாலும், நேர்கோட்டில் நடக்கக் கால் தடுமாறினாலும் மாத்திரை பதில் இல்லை. உடனே கீழே இறங்க வேண்டும்.

மோன் பிளாங்குக்கு வழக்கமான பாதை கூத்தே வழி. மோன் பிளாங் டிராம் ரயில் 2372 மீட்டரில் இருக்கும் நீ தேகிள் வரை போகும். வேலை நடக்கும் பருவங்களில் கீழேயே நிறுத்திவிடுவார்கள், அப்படியானால் கூடுதல் நடைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அங்கிருந்து தெத் ரூஸ் குடில் 3167 மீட்டர். பிறகு கூத்தே பெருங்கால்வாய் என்று சொல்லப்படும் செங்குத்தான பாறைச் சரிவைக் குறுக்கே கடந்து, 650 மீட்டர் உயரப் பாறை முதுகில் கையும் காலும் ஊன்றி ஏறினால் 3835 மீட்டரில் கூத்தே குடில். 2013இல் திறந்த, முட்டை வடிவக் கட்டடம். அங்கிருந்து உச்சிக்கு நாலைந்து மணி நேரம்: தோம் து கூத்தே, 4362 மீட்டரில் வல்லோ என்ற அவசரத் தங்குமிடம், பிறகு இரு பக்கமும் சரியும் போஸ் என்ற பனி முகடு.

இந்தப் பாதையில் ஆளைக் கொல்வது உச்சி இல்லை, அந்தக் கால்வாய். கடக்க வேண்டிய அகலம் நூறு மீட்டர் அளவுதான், ஓரிரு நிமிடம். மேலேயிருந்து கல் உருளும். 1990 முதல் 2017 வரையிலான காலத்தில் இந்தக் கால்வாயிலும் அதையொட்டிய பாறை முதுகிலும் இறந்தவர்கள் நூறு பேருக்கும் மேல். கல் ஏன் உருள்கிறது? பாறைகளைப் பிணைத்து வைத்திருப்பது உள்ளே உறைந்த நீர். பகல் வெயிலில் மேல்பனி உருகி ஓடும் நீர் கற்களைக் கிளப்பிவிடும். வெப்ப அலை நீடித்தால் உள்ளிருக்கும் உறைபனியும் இளகும். விடியலில் குறைவு, வெயில் ஏறிய பிறகு அதிகம். பருவத் தொடக்கத்தில் பனி மூடியிருந்தால் கற்கள் அசையாமல் கிடக்கும். வறண்ட ஆகஸ்டில் மோசம். 2022 ஆகஸ்டில் கல் உதிர்வு அடங்காததால் இரண்டு குடில்களையும் மூடிவிட்டார்கள். அதே நேரத்தில்தான் இந்தப் பாதை அடங்கும் ஸான் ஜெர்வே நகரத்தின் மேயர், ஏற வருகிறவர்கள் மீட்புச் செலவுக்கும் ஈமச் செலவுக்கும் சேர்த்து 15,000 யூரோ பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று அறிவித்தார். கேலியாகத் தெரியலாம், அந்தக் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு அவருடைய எரிச்சல் புரியும்.

இதை வைத்துத்தான் எந்தக் குடிலில் தூங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். கூத்தேயில் தூங்கினால் உச்சி நாள் ஏற்றம் ஏறக்குறைய 1000 மீட்டர்தான். ஆனால் போகும்போது கால்வாயைப் பெரும்பாலும் மதியத்தை ஒட்டிக் கடக்க நேரும், 3835 மீட்டரில் தூக்கமும் மோசம். தெத் ரூஸில் தூங்கினால் கால்வாயை இருட்டில், குளிரில் கடக்கலாம், தூக்கமும் பரவாயில்லை. ஆனால் உச்சி நாள் ஏற்றம் 1640 மீட்டராகிவிடும். நடை முடித்து வருகிறவருக்குக் கால் பலம் இருக்கிறது, உயரப் பழக்கம் குறைவு. ஆகவே முதல் இரவு தெத் ரூஸ், விடியலில் கால்வாய், அன்று கூத்தேயில் ஓய்வு, மூன்றாம் நாள் உச்சி என்று மூன்று நாளாகப் பிரிப்பதே பொருத்தம். செலவு கூடும். இந்தப் பயணத்தில் பணம் மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

குடில் முன்பதிவு இல்லாமல் இந்தப் பாதையில் இப்போது போக முடியாது. 2019 முதல் கட்டுப்பாடு வந்தது. பதிவு பெயரின் பேரில், வழியில் சோதிப்பார்கள், கூடாரம் போடவும் தடை. படுக்கைகள் பருவத்துக்குப் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். சிக்கல் இதுதான்: படுக்கையைத் தேதி போட்டு வாங்கலாம், வானிலையை வாங்க முடியாது. கைடு அலுவலகம் வழியாகப் போனால் படுக்கையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தனியாகக் கைடை அமர்த்தினால் படுக்கை யார் பொறுப்பு என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வானிலை கெட்டால் மாற்றாக எந்த மலை, திரும்பக் கிடைக்கும் பணம் எவ்வளவு, உச்சிக்கு முன்னரே திரும்பினால் கட்டணத்தில் குறைப்பு உண்டா (பொதுவாகக் கிடையாது), கைடின் குடில் செலவும் ரயில் கட்டணமும் யார் தலையில் (உங்கள் தலையில்) என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மோன் பிளாங்கில் ஒரு கைடுக்கு இரண்டு பேர், அதற்கு மேல் கட்ட மாட்டார்கள். பாரடிசோவில் அதைவிட அதிகம் பேர் ஒரே கயிற்றில் போவதுண்டு. இருவரில் ஒருவர் முடியாமல் உட்கார்ந்தால் மூவரும்தான் திரும்ப வேண்டும். ஒருவரைப் பனியில் விட்டுவிட்டு மற்றவரைக் கைடு மேலே கூட்டிப்போக முடியாது. முகம் தெரியாதவரோடு கயிற்றைப் பகிர்ந்து பாதிக் கட்டணம் மிச்சம் பிடிக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நடையில் கூட வந்தவர் உங்கள் வேகமே உள்ளவரானால் அவரே நல்ல துணை. வேகம் ஒத்துவராத கணவன் மனைவிகூட தனித்தனிக் கைடு வைத்துக்கொண்டால் வீட்டுக்குச் சண்டையில்லாமல் திரும்பலாம்.

பொருட்கள் விஷயத்தில் சுருக்கம் போதும். நடைக்கு இலகு காலணி, உச்சிக்கு விறைப்பான அடிப்பாகம் உள்ள மலைப் பூட்ஸ். இரண்டையும் பத்து நாள் சுமக்க வேண்டாம், உச்சிக்கானதை வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸை மாலையில், பாதம் வீங்கியிருக்கும்போது, உச்சியில் போடும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். இறங்கும் பலகையில் நின்று முன்னால் சாய்ந்தால் விரல் முட்டக் கூடாது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். கிராம்பானைக் கடையிலேயே அந்தப் பூட்ஸில் மாட்டி, வாரைக் கட்டாமல் காலை உதறிப் பார்க்க வேண்டும். கழன்றால் அது அந்தப் பூட்ஸுக்கானதில்லை. பன்னிரண்டு முள், எஃகு, அடியில் பனி ஒட்டாத தகடு. 55 முதல் 65 செ.மீ. ஐஸ் ஆக்ஸ் (பனிக் கோடாரி), ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்கும் இடுப்புப் பட்டை), ஹெல்மெட், நான்காம் வகை வெயில் கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை, புது பேட்டரியோடு தலைவிளக்கு. 30, 35 லிட்டர் பை போதும். கோடையிலும் உச்சியில் மைனஸ் பத்துக்குக் கீழே போகும். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்பதால் அகல வாய்ப் புட்டிதான் சரி. கூத்தே குடிலில் குடிக்கக் குழாய்த் தண்ணீர் இல்லை, புட்டித் தண்ணீர் வாங்க வேண்டும், விலை கடிக்கும். சைவம் என்றால் பதிவின்போதே சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மூன்று நாடும் ஒரே ஷெங்கன் விசாவுக்குள் அடங்கும். எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கயிறு, கிராம்பான் என்று வந்தால் கைவிரித்துவிடும். பிரான்ஸில் மலை மீட்புக் காவல்படையின் மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் பில்லும் வரும். நடைபாதை மூன்று நாட்டிலும் போவதால், ஹெலிகாப்டர் மீட்பும் பனியாற்று ஏற்றமும் எழுத்தில் குறிப்பிட்ட தனிக் காப்பீடு தேவை. அவசர எண் எங்கும் 112.

இத்தனையையும் கூட்டினால்: நடைக்கு 10 நாள், ஓய்வு 2, தொரினோ 1 இரவு, பாரடிசோ 2, இடையில் ஓய்வோடு ஷமோனிக்கு மாற 1, மோன் பிளாங் 3, வானிலைக்காகச் சும்மா வைத்திருக்க 2 அல்லது 3. மூன்று வாரம். இரண்டு வாரம்தான் விடுப்பு என்றால் நடையைப் பாதியாக வெட்டுங்கள். குர்மாயோரிலிருந்து சுவிட்சர்லாந்து ஊரான ஷாம்பே வரை நடந்து பேருந்தில் திரும்பலாம். ஓய்வு நாளையும் வானிலை நாளையும் வெட்ட வேண்டாம். பலரும் முதலில் கை வைப்பது அவற்றில்தான், ஏனென்றால் அட்டவணையில் அவை காலியாகத் தெரிகின்றன.

உச்சியிலிருந்து ஒரே நாளில் நீ தேகிள் வரை இறங்கினால் 2400 மீட்டருக்கும் மேல். கடைசி ரயில் நேரம் மனதில் அரித்துக்கொண்டே இருக்கும். கால்வாய்க்கு வரும்போது மதியம் தாண்டியிருக்கும், கால் தளர்ந்திருக்கும், கல் உதிர்வதும் அந்த நேரத்தில்தான். கால்வாயின் குறுக்கே கம்பிவடம் கட்டப்பட்டிருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டு போவதா, மாட்டாமல் விரைவதா என்பதை அன்றைய நிலை பார்த்துக் கைடு சொல்வார். மேலே கல் ஓடும் சத்தம் கேட்டால் நின்று காத்திருக்கச் சொல்வார், சில சமயம் அரை மணி நேரம். ரயில் போய்விடும் என்று அவரை நெருக்காதீர்கள். மறுநாள் காலையிலும் ரயில் இருக்கிறது, தெத் ரூஸில் ஒரு படுக்கையையும் அந்த இரவுக்குச் சேர்த்தே பதிவு செய்து வைத்திருந்தால்.